இரண்டு ஷோபெரிகளும் ஒரு தந்தியும்

கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் கிளாக்கர் வேலை என்பது, ஒரே ஒரு தடவை பார்க்கப்போகிற மனிதர்களின் பெயர்களை வாழ்நாள் முழுவதும் எழுதிக்கொண்டிருப்பது. மேசைக்குப் பின்னால் இருந்து பிறர் பெயர் எழுதியே தேய்ந்துபோனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிழையாக எழுதினால் திட்டு விழும். சரியாக எழுதினால் ஒன்றுமே விழாது.

திருகோணமலைத் துறைமுகத்தில் நான் விட்ட பிழைகளில் பெரியது எழுத்துப் பிழை அல்ல. ஒரு சாவுச் செய்தியை ஆள் மாறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சுவீடன்காரப் பெயர்தான் காரணம் என்று அப்போது சொன்னேன். ஐம்பது வயது தாண்டிய பிறகு, அது மட்டும்தானா என்று யோசிக்கிறேன். ஆனாலும் அந்தக் கிழமையை நினைத்தால் வெட்கத்தைவிட நன்றிதான் கூட வருகிறது.

ஒரு தகப்பன் பிள்ளைகள்

அறுபதுகளின் நடுப்பகுதி. தேயிலை ஏற்ற வந்த சுவீடன் கப்பலொன்று உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. மாலுமிகளின் பட்டியலைப் பார்த்து, கரையிறங்குவதற்கான அனுமதிச் சீட்டு எழுதுவது என் வேலை. பட்டியலில் இரண்டு ஷோபெரிகள் இருந்தார்கள். நில்ஸ் ஷோபெரி, இயந்திர அறை, வயது ஐம்பத்தொன்று. எரிக் ஷோபெரி, மேல்தளம், இருபத்துநான்கு. நமக்குப் பெயரோடு ஒட்டிவருவது தகப்பன் பெயர். ஆகவே இரண்டு பேரும் ஷோபெரி என்ற ஒருவரின் பிள்ளைகள், மூத்தவனுக்கும் இளையவனுக்கும் நடுவில் நாலைந்து பெண்பிள்ளைகள் இருக்கக்கூடும் என்று நானே கணக்குப் போட்டேன். எங்கள் குடும்பங்களில் இது புதினமா? இரண்டு சீட்டையும் ஒன்றாகக் குண்டூசியால் குத்தி அனுப்பினேன்.

மறுநாள் எரிக் கந்தோருக்கு வந்தான். வெயிலில் சிவந்த முகம், எதற்கும் சிரிக்கிற சுபாவம். தன் சீட்டு மற்றவரிடம் போய்விட்டது என்றான். "அண்ணனிடம்தானே இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்" என்றேன். அவன் முழித்தான். "அண்ணனா? அந்த மனிதர் என்னோடு இரண்டு வார்த்தை பேசியதில்லை" என்று சிரித்துவிட்டுப் போனான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கூடப்பிறந்தவர்கள் பேசாமல் இருப்பது நாம் காணாததா? கரைக்கும் கப்பலுக்கும் எங்கள் லோஞ்சுப் படகை ஓட்டுகிற ஹனீபா காக்கா, மூதூர்க்காரர், கதிரையில் சாய்ந்திருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "காணிப் பிரச்சினையாக்கும், தம்பி."

தந்தி

மூன்றாம் நாள் காலை, கப்பல் கம்பனியிடமிருந்து கந்தோருக்குத் தந்தி வந்தது. ஷோபெரியின் தகப்பனார் காலமாகிவிட்டார், சனிக்கிழமை அடக்கம், பக்குவமாகச் சொல்லவும். எந்த ஷோபெரி என்று அவர்கள் எழுதவில்லை. எழுதத் தேவை இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. தகப்பன் போனால் முதலில் மூத்தவனுக்குச் சொல்ல வேண்டும். தம்பிக்கு அவன் சொல்லிக்கொள்வான். அதுதானே முறை.

முறைதானா? தந்தியைப் படித்ததும் முதலில் என் மனதில் வந்தது எரிக்கின் சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூத்தவனுக்குச் சொல்லலாம் என்று முடிவெடுத்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதும் நினைவிருக்கிறது. முறையைப் பிடித்துக்கொண்டேனா, முறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

ஹனீபா காக்கா லோஞ்சில் கொண்டுபோய் விட்டார். நில்ஸ் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி மேலே வந்தார். பெரிய உடம்பு, நரைத்த புருவம். வெறும் வயிற்றில் சாவுச் செய்தி சொல்லக்கூடாதென்று, சாப்பிட்டுவிட்டீர்களா என்று முதலில் கேட்டேன். ஓம் என்று தலையசைத்தார். இருக்கச் சொல்லி, தந்தியைக் கையில் கொடுத்து, "தம்பிக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றேன்.

அவர் இரண்டு முறை வாசித்தார். பிறகு கடதாசியை மடித்து என்னிடமே நீட்டினார். கோபிக்கவில்லை. "நான் ஏழு வயதாக இருக்கும்போதே என் அப்பா இறந்துவிட்டார். இது அந்தப் பையனுடைய அப்பா."

கடலும் மலையும்

எரிக் காலையிலேயே கரைக்குப் போய்விட்டானாம். தனியாகப் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். நான் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, நில்ஸ் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து எனக்கு முன்னே லோஞ்சில் இறங்கினார்.

போகும் வழியில், ஒரே பெயர் எப்படி இரண்டு பேருக்கு வந்தது என்று கேட்டேன். கேட்ட கேள்வி என் பிழைக்குச் சாட்டுத் தேடுகிற கேள்விதான். அவர் பொறுமையாகச் சொன்னார். ஷோ என்றால் கடல், ஏரிக்கும் அதே சொல். பெரி என்றால் மலை. பழைய காலத்தில் அவர்களும் எங்களைப்போலத் தகப்பன் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்களாம். ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்சன். ஆனால் ஒரு ஊரில் பாதிப்பேர் ஆண்டர்சனாகிவிட, பட்டணத்துக்கு வேலைக்குப் போன பாட்டனார்மார் அடையாளத்துக்குப் புதுப்பெயர் தேடினார்கள். மரம், ஆறு, கல், தீவு என்று காதுக்கு இனிமையான இரண்டு சொற்களை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். கடலும் மலையும் பலருக்குப் பிடித்துப்போயிற்று. நாட்டின் ஒரு மூலையில் இவருடைய பாட்டனாரும் மறு மூலையில் எரிக்கின் முன்னோரும், ஒருவரையொருவர் அறியாமல், அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். டெலிபோன் புத்தகத்தில் பக்கம் பக்கமாக ஷோபெரி இருக்கிறதாம். "என் பாட்டனார் ஊரில் இருந்தது குளிக்கிற தொட்டி அளவு ஏரி. மலையே இல்லை" என்றார்.

எங்களைச் சுற்றித் துறைமுகத்துத் தண்ணீர், அதன் விளிம்பில் வரிசையாக மலைகள். நான் எல்லாவற்றையும் ஹனீபா காக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் சுக்கானைத் திருப்பியபடி சொன்னார்: "கடலையும் மலையையும் வச்சிருக்கிற நாங்கள் வாப்பாட பேரோட திரியிறம். ரெண்டும் இல்லாதவங்க வாப்பாட பேர விட்டுட்டாங்க. பாவம் தம்பி, அந்த வாப்பாமார்."

சனிக்கிழமை

எரிக்கைச் சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் கண்டோம். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் சிரித்தான். நில்ஸ் அவன் பக்கத்தில் மர வாங்கில் உட்கார்ந்து அவர்கள் பாஷையில் சொன்னார். எத்தனை வார்த்தை என்று எண்ணியிருந்தால் பத்து இருக்காது. எரிக் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான், கடைசி வரைக்கும் குடிக்கவில்லை. நான் கடை வாசலிலேயே நின்றேன். உள்ளே போயிருக்க வேண்டும்.

அடக்கத்துக்கு அவனால் போய்ச் சேர ஏலாது. அதே சனிக்கிழமை, நாங்கள் போகிற வேதக்கோயிலில் அவன் தகப்பனுக்காக ஒரு ஜெபம் வைக்கப் போதகரிடம் கேட்டேன். என்னால் செய்ய முடிந்த பரிகாரம் அவ்வளவுதான். எங்கள் வழக்கப்படி, போனவரின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் போதகர் கேட்டார். எரிக்கின் தகப்பன் பெயர் ஆண்டர்ஸ். போதகர் வாசித்தது தமிழில்: ஆண்டர்ஸ் என்பவரின் மகன் எரிக். அவன் முன்னோர் விட்டுவிட்டு வந்த பெயர்முறை அது. கடல் கடந்து இங்கே வந்து அதே மாதிரிக் கூப்பிடப்பட்டதை நான் அவனிடம் சொன்னபோது, மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகம் கொஞ்சம் இளகியது.

ஒரே பெயர் என்று கேட்டு உறவென்று நினைத்த கோயில்காரர் ஒருவர், இரண்டு ஷோபெரிகளையும் முன்வரிசையில் சேர்த்து இருத்தியிருந்தார். அவர்கள் சொந்தக்காரர் இல்லை என்று சொல்ல நான் எழும்பினேன். நில்ஸ் கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார். ஜெபம் முடிந்ததும் சனங்கள் வரிசையாக வந்து இருவர் கையையும் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். முன்பின் தெரியாத தமிழ்ச் சனம். நில்ஸ் ஒவ்வொருவருக்கும் குனிந்து கை கொடுத்தார்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். ஏழு வயதில் முடிந்த துக்கத்தைத் தேவையில்லாமல் கிளறிவிட்டேன் என்றேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "சின்னப்பிள்ளை என்று சொல்லி, என் அப்பாவின் அடக்கத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. இன்றைக்குப் போய்விட்டேன்."

கடிதம்

கப்பல் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த சுவீடன் கப்பல்களில் ஐந்தாறு ஷோபெரிகளாவது வந்திருப்பார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தகப்பன் பெயர் என்ன என்று தனியாகக் கேட்டு ஓரத்தில் எழுதி வைத்தேன். அவர்களில் பெரியவர் ஒருவர் அது எதற்கென்று கேட்டார். எங்கள் ஊர் வழக்கம் என்றேன்.

அடுத்த வருடம் ஒரு தபாலட்டை வந்தது. ஏரியும் மரங்களும் போட்ட படம். எரிக் எழுதியிருந்தான். இருவரும் வேறொரு கப்பலில் சேர்ந்து வேலை செய்கிறார்களாம். விடுமுறையில் நில்ஸைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தாயிடம் காட்டினானாம். நான் வைத்த ஜெபத்துக்குத் தாய் நன்றி சொன்னாராம். அடியில் இரண்டு ஷோபெரிகளின் கையெழுத்தும் இருந்தது. அதை லோஞ்சடிக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். ஹனீபா காக்கா அட்டையை வாங்கி, படத்தை ஒரு பக்கமாகச் சரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப காணியப் பிரிச்சுக் குடுத்திட்டாங்க போல."

இத்தனை வருடமும் நான் சரியாக எழுதிய ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை, பிழையாக விளங்கிக்கொண்ட இந்த ஒரு பெயருக்குத்தான் கடல் கடந்து நன்றி வந்தது.