கடுகு வேர் இறங்காத மண்

என் அண்ணன் சோலைமலையைப் போல உரம் போட அக்கரப்பத்தனைப் பக்கம் ஆளில்லை என்று தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கய்யாவே சொல்வார். தேயிலைச் செடியைப் பார்த்தே எத்தனை பிடி என்று முடிவு செய்துவிடுவார் அண்ணன். அந்தத் தலைக்கனம்தான் எங்களைக் கவிழ்த்தது. அண்ணனாக இருந்தால் என்ன, சொல்லத்தானே வேண்டும்!

1998இல், பழைய தேயிலையைப் பிடுங்கிய மேட்டில் தோட்டத்துத் துரை சிலருக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒரு போகம் விளைச்சல் காட்டினால் துண்டு நமக்கு நிற்கும், ஓரத்தில் ஓர் அறை போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். லயத்து வரிசையில் எங்களுக்கு ஒரே அறை, ஒரு காம்பரா; அதில் ஒன்பது பேர். அண்ணன் மகள் சுலக்ஷனா புருஷனோடும் கைக்குழந்தையோடும் அடுப்படியில் படுத்தாள். அந்த அறை அவளுக்காகத்தான்.

அண்ணன் கடுகு விதைத்தார். நாலாம் வாரமே இலை வெளிறி, சாண் உயரத்தில் நின்றுவிட்டது. "பசிக்குது புள்ள அதுக்கு" என்று தேயிலை உரத்தை இன்னும் ஒரு பிடி போட்டார். ஓரமெல்லாம் கருகியது.

"டொலமைட்டு தூவிப் பாருங்கண்ணே" என்றேன்.

"அட கூறுகெட்டவளே! கவ்வாத்து வெட்டாம எவனாச்சும் டொலமைட்டு போடுவானா?"

தேயிலையில் அப்படித்தான் வழக்கம்: செடியை மட்டமாக வெட்டிக் கவ்வாத்து செய்யும்போதுதான் அந்தச் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவுவார்கள். கடுகுக்கு ஏது கவ்வாத்து? எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியார் துரைராசா, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு நாள் வந்து ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் விரல் நீளம்கூட இல்லை. முனை தடித்துக் கருகி, சல்லிவேரே இல்லாமல் இருந்தது.

"மண் சரியான புளிப்பு அண்ணை. தேயிலைக்கு ஒத்துவரும், கடுகுக்கு வேர் இறங்காது. உரம் கிடந்தும் எடுக்க வேர் இல்லையே! விதைக்க முந்தியே டொலமைட் போட்டிருக்கோணும்."

அண்ணன் அந்தச் செடியை வாங்கி வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த மாதம் கண்டாக்கய்யா வந்து பார்த்தார். துண்டு பக்கத்து லயத்துக் கந்தப்பனுக்குப் போனது. அவனும் கடுகு விதையும் தேயிலை உரமுமாகத்தான் வந்து நின்றான்.

"வாயத் தொறக்காதீங்கண்ணே" என்று கெஞ்சினேன். "அவனும் தோத்தா நாம திரும்பக் கேக்கலாம்."

அண்ணன் நேரே அவனிடம் போனார். "மொதல்ல டொலமைட்டப் போட்டுக் கொத்திவிடு. ஒரு மாசம் போகட்டும், பொறகு வெதை."

நான் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

கந்தப்பனின் கடுகு இடுப்பளவு வளர்ந்து பூத்தது. அவனுடைய அறைக்குத் தகரம் வந்து இறங்கிய அன்று சுலக்ஷனா கேட்டாள்: "அவருக்குச் சொல்லாம இருந்திருக்கலாம்லப்பா?"

"அவன் காம்பராவுல பதினோரு பேரு தாயி."

மறுநாள் அவளும் புருஷனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொட்டகலைக்கு, மாமியார் வீட்டுக்கு, பஸ் ஏறினார்கள். அங்கேயும் ஒரே காம்பராதான். போகும்போது அவள் அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் செய்தது நியாயம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அடுப்படி காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோது, அந்த நியாயத்தை அள்ளிக் குப்பையில் கொட்ட வேண்டும் போல இருந்தது.