நேரம் தவறாத நட்சத்திரம்

எங்கள் வீட்டு மாப்பிள்ளைகளில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். மட்டக்களப்பு வழக்கப்படி சின்னம்மாவை மணந்து எங்கள் வீட்டோடு வந்தவர். புளியந்தீவில் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிற வேலை. மாரி மழை ஓய்ந்துவிட்டால், பொழுதுபட்ட கையோடு வாவிக்கரையில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார். 'மாப்பிள்ளை வெள்ளி எண்ணப் போயிற்றார்' என்று வீட்டில் சிரிப்பார்கள். சின்னம்மாவுக்கு முகம் சுருங்கிப்போகும்.

வடக்கு வானத்தில் அவருக்கென்று ஒரு நட்சத்திரம் இருந்தது. உண்மையில் அது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு. மங்கலானது முன்னால் வந்து மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் குறையும்; ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை. அந்தச் சுற்று பழைய கணக்கைவிட இப்போது சற்றுப் பிந்துகிறது என்பது அவருடைய சந்தேகம். அதை நிரூபித்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஆசையெல்லாம். சின்னம்மாவிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் கண் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமாம். இவ்வளவும் நான் பெரியவளான பிறகு அறிந்தது.

அவருக்குத் தேவைப்பட்டது சின்னம்மாவின் கண்தான். ஒரு காய்ச்சலோடு அவர் பார்வை குறைந்துபோயிருந்தது. அவருடைய நட்சத்திரம் பக்கத்து நட்சத்திரத்தளவுக்கு மங்கியதும் சின்னம்மா சொல்ல வேண்டும். அவர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். ஆனால் அந்தப் பழைய கணக்குப்படி மங்கவேண்டிய நேரம் நெருங்கினால் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. மணிக்கூட்டைக் கையில் எடுத்துவிடுவார். சின்னம்மா வானத்தைப் பார்த்ததைவிட அந்தக் கையைப் பார்த்ததுதான் அதிகம்.

"இஞ்சேருங்க, மங்கிற்று," என்றாள் சின்னம்மா ஒருநாள்.

பாயில் அவள் பக்கத்தில் இருந்த நான் அண்ணாந்து பார்த்தேன். "இல்ல சின்னம்மா, அது இன்னும் பளிச்செண்டுதானே இரிக்கு!"

தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

"என்னவாம் புள்ளைக்கு?" என்றார் சித்தப்பா.

"பசிக்குதாம்," என்றாள் சின்னம்மா. வீட்டுக்குத் திரும்பும்போது என் காதோடு சொன்னாள்: "அவர்ர கணக்குப் பிழைச்சா வீட்டில எல்லாரும் சிரிப்பாங்க புள்ள. வாயத் திறக்காத."

மறுபடி மழை வரும்வரை அந்த நட்சத்திரம் சித்தப்பாவின் மணிக்கூட்டுக்கு அடங்கியே நடந்தது. கடைசியில் ஒருநாள் அவர் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார். "அது ஒருநாளும் பிந்தல்ல," என்றார்.

சின்னம்மா பூரித்துப்போனாள். கணவரின் கணக்கு வென்றதென்று வீடெல்லாம் கேட்கச் சொல்லிக் கொழுக்கட்டை அவித்தாள். அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. நட்சத்திரம் சொன்ன நேரத்துக்கு மங்கியதற்கு ஒருவர் ஏன் முகம் வாட வேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவர் பங்கையும் நானே தின்றேன்.