பூ வைக்கும் நேரத்தில் ரூட்டர் பார்த்த கல்யாணப் பெண்

போன ஞாயிறு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நிக்காஹ். பொண்ணு, எங்கள் பக்கத்து வீட்டு காதர் பாயின் மகள் ஷமீமா. வீட்டிலேயே கல்யாணம். தெருமுனை வரை பிரியாணி வாசனை. ஒரே குறை... அண்ணன் யூசுப்புக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை.

அதனால் என்ன? டி.வி.யில் வீடியோ கால் போட்டு, அங்கிருந்தே பார்ப்பதாக ஏற்பாடு. எங்கள் சந்தில் மொபைல் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. ரூட்டரை நம்பித்தான் ஆக வேண்டும். அதுவோ ஷமீமா காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது!

கால் போட்டோம். யூசுப் சிரித்தான்... அப்படியே உறைந்துவிட்டான். மறுபடி போட்டால் மறுபடி சிலை.

உடனே வீடு முழுக்க இன்ஜினீயர்கள்! ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்றார் ஒருவர். ‘ஃபிரிட்ஜ் மேலருந்து இறக்குங்க’ என்றார் இன்னொருவர். நான் என் பங்குக்குத் தட்டிப் பார்த்தேன்.

நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் வந்துவிட்டார். பள்ளிபாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்து உட்கார்ந்தாயிற்று. “பரவால்ல, ஆரம்பிச்சிருங்க ஹஜ்ரத். அவனுக்கு அப்புறமா வீடியோ அனுப்பிக்கலாம்” என்றார் காதர் பாய். டி.வி. பக்கமே திரும்பவில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து ஷமீமா.

“அத்தா, கொஞ்சம் பொறுங்க. மாமா, லேப்டாப்போட இங்க வாங்க!”

மாமா நான்தான். கதவோரம் உட்கார்ந்தேன். அவள் பெரியம்மா பூ வைத்துக்கொண்டிருந்ததால் தலையைத் திருப்ப முடியாது. சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அண்ணனுக்கு மெசேஜ் போகுதா?”

“போகுதும்மா.”

“போட்டோ?”

“சுத்திக்கிட்டே இருக்கு...”

“சின்னது போகுது, பெருசு நிக்குது. நம்ம சந்துல ஆட்டோ நுழையும், லாரி மாட்டிக்கும்ல? அதே கதைதான் மாமா. ரூட்டர் பெரிய பெரிய பொட்டலமா அனுப்புது. சின்னதாக்கிருவோம்.”

“தலையை ஆட்டாதடி!” — பெரியம்மா.

ரூட்டர் செட்டிங்ஸில் எம்.டி.யூ என்று ஒரு கட்டம்; பொட்டலத்தின் அளவு அதில்தான். அவள் சொல்லச் சொல்ல அதிலிருந்த எண்ணைக் குறைத்து சேவ் செய்தேன். ரூட்டர் விளக்கு அணைந்தது... எரிந்தது.

டி.வி.யில் யூசுப். புதுச் சட்டை, தொப்பி. “அத்தா, கேக்குதா?”

கண்ணைத் துடைத்தான், மூக்கை உறிஞ்சினான், சிரித்தான் — எங்கேயும் நிற்காமல்! ஹஜ்ரத் துஆ ஓதியபோது அவனும் அங்கே கையேந்தினான். காதர் பாய் டி.வி.க்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார், ஏதோ மகன் தோளை ஒட்டி நிற்பதுபோல.

நெட் நின்றால் எல்லோரும் பெட்டியைத் தட்டுகிறோம். எது போகுது, எது நிக்குதுன்னு கேட்க யாருக்காவது தோன்றுகிறதா?

பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, மருமகளின் காதுப் பக்கம் குனிந்தார். குடும்பம் நடத்த ஏதோ புத்தி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஏஞ்சாமி... நம்ம ஊட்லயும் நெட்டு இப்படித்தான் நின்னு நின்னு போகுது. வந்ததும் ஒருக்கா பாத்துர்றியா கண்ணு?”