கபீரை அழிக்கவா?

நஸ்ரின், அஸ்லம், பிள்ளைகளா, ரொம்ப நேரம் ஓடிச் சூடேறிய பழைய டிவியின் பின்பக்கத்திலிருந்து தூசி கருகும் வாசனை ஒன்று வரும். அது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நேற்று நீங்கள் இருவரும் போனில் ஒரு ஆட்டக்காரனைக் கண், மூக்கு, தலைமுடி என்று பார்த்துப் பார்த்து உருவாக்கி, கடைசியில் கை தவறிப் பின்னால் போகும் பொத்தானைத் தொட்டதும் எல்லாம் போய்விட்டது என்று அழுதீர்களே, அப்போது எனக்கு அந்த வாசனைதான் வந்தது. வேலை முடிந்து வந்த அலுப்பில் உங்களை அதட்டிவிட்டேன். சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

காரைக்காலில் கடற்கரைக்குப் போகிற சாலையில் செல்வம் அண்ணன் ஒரு 'கேம் கடை' வைத்திருந்தார். அவர் கோட்டுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்து ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே, நாங்கள் பள்ளிப் பையோடு வாசலில் நிற்போம். அங்கே இருந்த கால்பந்து ஆட்டத்தில் நாமே ஒரு ஆளை உருவாக்கிக் களத்தில் இறக்கலாம். ஆளுக்கு ஒருவன்தான், அதற்கு மேல் சேமிக்க இடமில்லை என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த ஆளை உருவாக்குகிற பாடு இருக்கிறதே, அதை வடிவமைத்தவர் ஒருநாளாவது அதில் உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்று இன்றும் எனக்குச் சந்தேகம். மூக்குகள் வரிசையாக இருக்கும், அதில் நம் ஊர் மூக்கு ஒன்றுகூட இருக்காது. தாடையைச் சற்றுக் குறைத்தால் கன்னம் தானாக உப்பிக்கொள்ளும். பலத்துக்கும் உயரத்துக்கும் புள்ளிகளை அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த பக்கம் போனால், வேகம் என்று ஒன்று அங்கே காத்திருக்கும், கையில் புள்ளி மிச்சமிருக்காது, திரும்பிப் போகவும் வழியிருக்காது. பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டால், ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிடும். அப்படிப் பலமுறை கலைந்து, விரல் நுனி எரிய எரிய உட்கார்ந்து ஒருவழியாக என் ஆளை முடித்தேன்.

பெயர் கேட்டது. ரியாஸ் என்று என் பெயரைக் கொடுத்தேன். அதோடு விடாமல் குடும்பப் பெயரும் கேட்டது. நமக்கு ஏது அது? பள்ளிக்கூடத்தில் என் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தை விரித்து, வாப்பாவின் பெயரைக் கபீர் என்று போட்டேன். ஆட்டம் தொடங்கியதும்தான் தெரிந்தது, சட்டையின் முதுகில் அந்த இரண்டாம் பெயர் மட்டும்தான் வரும் என்று.

"டேய் கபீரு, ஓடுறா! காலையில சோறு திங்கலையா?" என்று என் வகுப்புத் தோழன் செந்தில் கத்தினான். கடை முழுக்கச் சிரிப்பு. வேகம் இல்லாத கபீரைப் பொடியன்களின் ஆட்கள்கூட முந்திக்கொண்டு போனார்கள். "கபீரு மூச்சு வாங்குறான்டா!" "தூக்கிக் கடல்ல போடுறா அவன!"

வாப்பா அப்போது சபரில், அதாவது வெளிநாட்டில், ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தார்கள். உம்மா வாயிலிருந்துகூட அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. 'ஒங்க வாப்பா' என்பதோடு சரி. அதைத்தான் கடையில் தினமும் 'டா' போட்டுக் கூவினார்கள். மாற்றவும் முடியாது. ஒருமுறை சேமித்த பெயரை அந்த ஆட்டம் திருத்த விடாது. ஆளையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். அழிக்கப் போனால், பாடுபட்டதையெல்லாம் கேட்காமல் கலைக்கிற அதே ஆட்டம், திரையை மறித்துக்கொண்டு கேட்கும்: கபீரை அழிக்கவா?

என் விரல் பொத்தான் மேலேயே நிற்கும். அழுத்த வராது. வீட்டில் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "தவ்பா சொல்லு, மன்னிப்புக் கேளு!" என்று உம்மா பதறினார்கள். "சபர்ல இருக்குற மனுஷரு பேர யாராச்சும் அழிப்பாங்களா?"

அந்த வருஷம் வாப்பா லீவில் வந்தார்கள். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிடக் கடை வாசலுக்கு அவர்கள் வந்து நின்றபோது, செந்தில் நாற்காலியில் ஏறி நின்று, "கபீர வெளிய அனுப்புங்கடா, தண்டம்!" என்று கத்திக்கொண்டிருந்தான். செல்வம் அண்ணன் எழுந்து, "வாங்க பாய், உக்காருங்க" என்றார். அண்ணன் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்த செந்தில், நாற்காலியை விட்டு இறங்கினான்.

வாப்பா உட்காரவில்லை. "யாரு அந்தக் கபீரு?" என்றார்கள்.

நான் திரையைக் காட்டினேன். என் ஆள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "அழிச்சாதான் வாப்பா பேர மாத்த முடியும்" என்றேன்.

வாப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. "ரொம்ப நேரமா நிக்கிறாரு போலருக்கு. உக்கார வைக்க முடியாதா?"

"வைக்கலாம் பாய். மாத்தாள இறக்கிட்டா இவரு பெஞ்சுல உக்காந்துக்குவாரு."

"அப்ப வைங்க. அழிக்கல்லாம் வேணாம்."

அதற்குப் பிறகுதான் வாப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கிடங்கில் நாள் முழுக்க நின்றே வேலை என்பதும், உட்கார்ந்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

மறுநாளிலிருந்து செந்திலின் கூச்சல் மாறிவிட்டது. "கபீர் மாமா இன்னும் எந்திரிக்கலையாடா? தோக்கப் போறோம்!" என்பான். எழுப்பமாட்டோம். தோற்போம்.

இப்போது அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். வாப்பா முட்டி தேய்ந்து ஊரோடு வந்து சேர்ந்து, சில வருஷங்களில் மவுத்தாகிவிட்டார்கள். ஆட்டங்கள் எவ்வளவோ மாறிவிட்டன என்கிறார்கள். நேற்று அஸ்லம், "ரெண்டாவது பேர் கேக்குது, என்ன போடுறது?" என்று வந்து நின்றபோது, அது ஒன்று மட்டும் மாறவில்லை என்று தெரிந்தது. "எதையாவது போடு" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.

இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போனபின் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அந்த ஆட்டத்தைத் திறந்து ஒரு ஆளை உருவாக்கினேன். வேகத்துக்குப் புள்ளி மிச்சம் வைக்கவேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும், ஆனாலும் வைக்கவில்லை. இரண்டாம் பெயர் கேட்டது, கபீர் என்று போட்டேன். களத்தில் இறங்கும் பதினொரு பேரில் சேர்க்காமல் ஓரத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டேன்.