நானாவின் பிரஷர் நோர்மல்!

போன செவ்வாய்க்கிழமை கண்டியில் ஒரு டொக்டர், "பிரஷர் நோர்மல்" என்று சொல்ல, அதைக் கேட்ட மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நம்புவீர்களா? நாமெல்லாம் அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் உப்பைக் குறைக்கிறோம், காலையில் நடக்கிறோம், கருவாட்டுக் கடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். (நான் திருப்புவதில்லை. ஆனால் வாங்குவதும் இல்லை.)

அந்த மனிதர் மஹ்ரூப் நானா. பலாபத்வலையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பட்டாளத்தில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். யுத்தத்தைப் பற்றி எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாத கதைகள் நிறைய உண்டு. அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டுத்தான் வேலிக்கு மேலால் பலாக்காயும் வட்டிலப்பமும் மாற்றிக்கொள்கிறோம்.

பட்டாளத்தில் இருக்கும்போதே நானாவுக்குப் பிரஷர் வந்துவிட்டது. ஒருநாள் ஸ்டியரிங்கில் இருந்தபடியே தலை சுற்றி, பவுசரை வயலுக்குள் இறக்கிவிட்டார். இராணுவ ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்தார்கள். அன்று தொடங்கிய குளிசை இன்றுவரை ஓடுகிறது. இப்போது கண் மங்கல், படி ஏறினால் மூச்சு வாங்கும். ஹயருக்கு வான் ஓட்டிக்கொண்டிருந்தார் - அதையும் விட்டுவிட்டார்.

சேவையில் வந்த நோய்தானே என்று அங்கவீனக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தார். நிராகரித்துவிட்டார்கள். அப்பீல் போட்டார்.

நிராகரிப்பை விட அவரைச் சுட்டது ஊர்ப் பேச்சு. "கை கால் நல்லாத்தானே ஈக்கி? பிரஷர் எனக்குந்தான் ஈக்கி. எனக்கு யாரு தாரது?" என்று கடையில் ஒருவர் எல்லாரும் கேட்கச் சொன்னாராம். அன்று பகல் நானா சாப்பிடவில்லை.

காலில் குண்டு பட்டிருந்தால் சாரத்தைத் தூக்கிக் காட்டலாம். இரத்தக் குழாய்க்குள் நடப்பதை எதைத் தூக்கிக் காட்டுவது?

அப்பீலுக்கு மெடிக்கல் போர்ட் திகதி வந்தது. உடனே சலூனில் ஒரு ஆலோசனைக் கூட்டம். "குளிசைய நிப்பாட்டுங்க நானா. கருவாடும் அச்சாறும் நல்லா தின்னுங்க. மெஷினே துள்ளும்!" நல்ல புத்தி சொன்னால் காதில் வாங்காத மனிதர், இதை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டார்.

அவர் மனைவி பரீதா ராத்தா வேலியடிக்கு வந்து அழுதார். "குளிசைய கையால தொடுறாரில்ல டீச்சர். கேஸ் வெல்லணுமாம். இவரு வுழுந்து கெடந்தா நான் கேஸ வெச்சி என்ன செய்ய?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரே போய், "நானா, இது என்ன விளையாட்டு? பாரிசவாதம் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

நானா அமைதியாகச் சொன்னார்: "வந்தா எல்லாருக்கும் நல்லா வெளங்கும்தானே டீச்சர்."

வீட்டுக்கு வந்து என் பிரஷரைப் பார்த்தேன். ஏறியிருந்தது.

செவ்வாய்க்கிழமை என் காரில்தான் போனோம். நானா உற்சாகமாக இருந்தார். ராத்தா வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். கண் மங்கலானவர் என்று சொல்லி எங்கள் இருவரையும் துணைக்கு உள்ளே விட்டார்கள்.

போர்டில் ஒரு பெண் டொக்டர். கையில் பட்டியைச் சுற்றினார். காற்றடித்தார். பார்த்தார்... "நோர்மல்."

"மிஸ், மெஷின் பிழை. இன்னொருக்கா பாருங்க" என்றார் நானா சிங்களத்தில். இன்னொரு தரம் பார்த்தார். அதே நோர்மல்! நானாவின் முகம் வியர்த்துவிட்டது. "மிஸ், நான் பொய்க்காரன் இல்ல..."

அப்போதுதான் ராத்தா எழுந்தார். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், அழுகையும் வார்த்தையுமாகச் சொன்னார். குளிசையைத் தூளாக்கி, ஒருநாள் தவறாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தாராம். இன்று காலையிலும்! "கேஸ் தோத்தாலும் பரவால்ல மிஸ். மனிசன் எனக்கு வேணும்."

நானா மனைவியைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கோபமா, வெட்கமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். குளிசையை நிறுத்தியதற்கு நானாவை. கேட்காமல் தூளாக்கியதற்கு ராத்தாவை. "நோர்மல் என்றால் நோய் இல்லை என்று யார் சொன்னது? மருந்து வேலை செய்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கு எவ்வளவு என்று பார்க்கவா நான் இங்கே இருக்கிறேன்? எப்போது தொடங்கியது, எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது, கண்ணையும் இருதயத்தையும் என்ன செய்திருக்கிறது - அதைச் சொல்லுங்கள்."

நானா சொன்னார். பவுசர் வயலில் இறங்குவதற்கு முன்பே மாதக்கணக்காகத் தலைவலி இருந்ததாம். சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று மறைத்தாராம். அன்று இல்லை என்று காட்டப் பாடுபட்டவர், இன்று இருக்கிறது என்று காட்டப் பாடுபடுகிறார். டொக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்து நேரம் எடுத்துக் கேட்டார். கடைசியில், "சேவையில் தொடங்கிய நோய் என்றுதான் நான் எழுதப்போகிறேன். முடிவு மேலிடத்தில். எனக்கு நம்பிக்கை இருக்கிறது" என்றார்.

எனக்கும் இருக்கிறது. முடிவு எப்படி வந்தாலும், அந்த அறையில் ஒருவர் நானாவின் நோயை நம்பிவிட்டார். நானா வெளியே வந்தபோது தோள் கொஞ்சம் நிமிர்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

நமக்கு நோயாளி என்றால் நோயாளி மாதிரி இருக்க வேண்டும். முனக வேண்டும், தடி ஊன்ற வேண்டும். ஒழுங்காக மருந்து எடுத்து, வெள்ளைச் சட்டை போட்டு, பள்ளிவாசலுக்கு நடந்து போனால் "இவருக்கு என்ன குறை?" என்கிறோம். நாம் இப்படிக் கேட்டுக் கேட்டே எத்தனை பேரைக் குளிசையை நிறுத்த வைத்திருக்கிறோமோ!

திரும்பும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினேன். பின்னேரக் குளிசைக்கு நேரமாகியிருந்தது. நானா தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு, மனைவியிடம் உள்ளங்கையை நீட்டினார். "இனி கையிலேயே தா."

ராத்தா கொடுத்தார். நானா விழுங்கினார்.

"வாயத் தொறங்க, பாப்போம்" என்றார் ராத்தா.

நானா திறந்தார். ராத்தாவின் போர்டில் அப்பீல் கிடையாது!