மாமாவின் பிறந்தநாளும் ஏட்டு மாமாவும்

என் தாய்மாமா படிக்கிற வயதில் ஒரு வெள்ளைக்காரருடன் கப்பலேறி ஜெர்மனிக்குப் போனவர். அங்கே ஆள் திரட்டி, ஆங்கிலேயருக்கு எதிராகத் துப்பாக்கிகள் அனுப்பப் பார்த்தார் என்பது அவர் மேலிருந்த வழக்கு. அதனால் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே, வெற்றிலைக் கடைப் பலகையில், ஒரு ரகசியப் போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார். ரகசியம் என்பது சர்க்கார் கணக்கில் மட்டும். தெருவுக்கு அவர் ஏட்டு. எனக்கு ஏட்டு மாமா.

புரட்டாசி ரோகிணி மாமாவின் பிறந்த நட்சத்திரம். அன்று அம்மா விருந்து சமைத்து, ஏட்டையும் கூப்பிட்டு இலை போடுவாள்.

"தம்பி விசேஷம் வல்லதும் உண்டா அக்கா?" என்று மாமாவிடமிருந்து ஏதாவது சேதி வந்ததா எனக் கேட்பார் ஏட்டு.

"கடுதாசியை ஒடச்சுப் படிக்கது நீரு. எங்கிட்ட வந்து கேக்கீரு!"

பாயசக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பி நூறு வயசு இருக்கணும்னு சொல்லும், அப்பத்தான் விடுவேன்" என்பாள். யாரைப் பிடிக்கச் சம்பளம் வாங்கினாரோ அவரையே வாழ்த்திவிட்டு, ஏட்டு பப்படத்தையும் பழத்தையும் பாயசத்தில் நொறுக்கிப் பிசைந்து சாப்பிடுவார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, பிறந்தநாளுக்கு முந்தின தினம், கப்பலில் சமையல் வேலை பார்த்த உறவினர் ஒருவர் பின்வாசல் வழியாக வந்து அம்மாவிடம் ஏதோ சொன்னார். அவர் போனதும் அம்மா கிணற்றடியில் தலைமுழுகினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அவரு இங்க வரவே இல்ல, கேட்டியா? தெரிஞ்சா பிடிச்சு உள்ள போட்டிருவாவ."

மறுநாள் வழக்கம்போல் விருந்து நடந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. அம்மா மட்டும் நூறு வயசு வாழ்த்தைக் கேட்காமலே பாயசத்தை இலையில் ஊற்றினாள். ஏட்டு நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தார். அவள் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். பப்படத்தைத் தொடாமல் பாயசத்தை மட்டும் சாப்பிட்டவர், இலையைத் தன் பக்கமாக மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்தார்.

"ஏட்டு மாமா, சாவு வீட்டுலல்லா அப்படி மடிப்பாவ!" என்று சிரித்தேன்.

அம்மா கதவருகில் அப்படியே நின்றாள்.

"கை மறந்துபோச்சு மக்களே" என்ற ஏட்டு, இலையைத் தாமே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டார். போகும்போது அம்மாவிடம், "அடுத்த வருஷமும் வருவேன் அக்கா" என்றார்.

வந்தார். தெருவுக்கே கேட்கும்படி, "தம்பி விசேஷம் உண்டா அக்கா?" என்றார். கப்பல்காரரைத் தேடி யாரும் வரவில்லை. மாமா சௌக்கியமாக இருப்பதால்தான் போலீஸ் இன்னும் வருகிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.