ஜன்னலுக்கு நேர் கீழே

முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். போன மாதம் சேலத்திலிருந்து ரயிலில் வந்தேன். மொரப்பூரில் இறங்க மூன்று படி, கையில் இரண்டு பை, காலில் முட்டிவலி. பாதி தண்ணீர் இருந்த பாட்டில் வீண் சுமையாகத் தோன்றியது. வண்டி ஸ்டேஷனை நெருங்கும்போது, ஜன்னலுக்கு நேர் கீழே யாருமில்லை என்று பார்த்துத்தான் வெளியே போட்டேன். மறுகணம் சற்று முன்னால் ஒரு பெண் அலறினாள்.

ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்து ஓரமாகவே திரும்பி நடந்தேன். தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளை எண்ணினேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. பாட்டில் அவள் கண்ணில் பட்டிருந்தால் என்ற பயம் மட்டும் குறையவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தோள்பட்டை வீங்கியிருந்தது.

"கீழ யாருமில்லைனு பாத்துட்டுத்தாம்மா போட்டேன்."

"நேரா கீழ பாத்தா ஆச்சுங்களா? ரயிலு போற வேகத்துக்கு அதுவும் முன்னாடி ஓடியாந்துதானுங்க வுழும். படிச்சவராட்டம் இருக்கறீங்க, இதுகூடத் தெரியாதுங்களா?"

அவள் பாட்டிலை எடுத்து மண்ணைத் துடைத்தாள்.

"வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. மொதல்ல குடிங்க."

குடித்தேன்.

எறிந்த பொருள் வளைந்து விழும் கோட்டை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அது முடியும் இடத்தில் ஒரு முறைகூட ஒரு மனிதரை வரைந்ததில்லை.